மாஸ்டர் போடாத பிரேக்

மார்கழி விடியலில், ஐந்தரை மணி இருட்டில், ஒரு வெள்ளைக் காரின் இடது பக்கம் காலடியில் நீல வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சத்தில் ஒரு கால் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்ட, குதிகால் பாளம் பாளமாக வெடித்த, ஓர் ஆணின் வலது கால். ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டிய சீரியல் பல்பில் நாலைந்தை மட்டும் பிய்த்தெடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார் எங்கள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்தக் காலுக்கு முன்னால் இரண்டு பெடல்கள். கற்றுக்கொள்பவன் பக்கத்துக் கிளச்சோடும் பிரேக்கோடும் கம்பியால் பிணைத்த இன்னொரு ஜோடி. நாம் தப்பு செய்தால் அவர் மிதிப்பார். வண்டி நிற்கும். ஊர் பிழைக்கும்.

அந்த வெளிச்சத்துக்கு ஊரில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. பெண்கள் நிறையப் பேர் கற்றுக்கொள்ள வருவதால் மாஸ்டர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார், குனிந்த தலையோடு காலடியைப் பார்த்துக்கொண்டே சொல்லித் தருவார், அவ்வளவு ஒழுக்கம் என்று பெண்கள் சொன்னார்கள். “சும்மா படம் காட்றாரு” என்று ஆண்கள் சொன்னார்கள். நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுப்பவன். நரம்பு மண்டலம் எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நீல வெளிச்சம் எதற்கென்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கண்டுபிடித்ததை வாயைத் திறந்து சொல்ல இன்னும் கிட்டத்தட்ட ஒரு மாதம். முதல் தாமதத்துக்கு என் அறிவு காரணம், அதை மன்னித்துவிடலாம். இரண்டாவதைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார் ஓட்டும் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை. என் மனைவிக்கு இருந்தது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முந்தைய வருடம் இதே மாஸ்டரிடம் இருபத்தொரு நாள் போனாள், லைசென்ஸ் வாங்கினாள், பழைய கார் ஒன்றை என்னை வாங்க வைத்தாள், எங்கள் கிராமத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே பறக்க ஆரம்பித்தாள். நான் இடது பக்கம், மடியில் இரண்டு சாப்பாட்டுப் பையோடு. திருப்புலிவனத்தில் டீக்கடையை ஒட்டி ஒரு வேகத்தடை உண்டு. அங்கே வண்டி மெதுவாகும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் ஆராய்ச்சி காதில் விழும்.

“வாத்தியாரு வூட்டம்மா ஓட்டிகினு போறாங்க, வாத்தியாரு இன்னாத்துக்கு பக்கத்துல குந்திகினு கீறாரு?”

“அவரு ஸ்டெப்னிப்பா. பங்சர் ஆனா மாட்டிக்குவாங்க.”

மறுவாரம் நானும் மாஸ்டரிடம் சேர்ந்தேன். நாற்பத்தொன்பது வயதில்.

மாஸ்டர் என்னைவிட இரண்டு வயது சிறியவர். ஸ்கூல் தொடங்குவதற்கு முன் பல வருடம் அரிசி மில் லாரி ஓட்டியவர். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மேஜை, ஒரு போர்டு, ஒரு கார்: இவ்வளவுதான் டிரைவிங் ஸ்கூல். காலையிலும் மாலையிலுமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருத்தி, கல்லூரிப் பெண்கள் இருவர், வெளிநாடு போகக் காத்திருக்கும் பையன்கள், அப்புறம் நான். எங்கள் எல்லோருடைய உயிருக்கும், ரோட்டில் போகும் ஆடு மாடு மனிதர் உயிருக்கும் அந்த வலது கால்தான் ஜவாப்தாரி.

என் கால்களைப் பற்றி என்ன சொல்ல. இடது கால் கிளச்சிலிருந்து மெல்ல எழ வேண்டும், வலது கால் ஆக்சிலேட்டரில் மெல்ல இறங்க வேண்டும். என்னிடம் மெல்ல என்பதே இல்லை. இரண்டு காலும், பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வந்ததுபோல விறைத்துக்கொள்ளும். வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்து போகும்.

“இன்னா சார், கிளச்சு மேல கட்டெறும்பு கீதா? வெடுக்குனு கால எடுக்கிறீங்களே?”

“பழகிடும் மாஸ்டர்.”

“வண்டிக்குப் பழகிடுச்சு சார். நீங்க எப்போ பழகப் போறீங்க?”

இந்த மாதிரிக் குத்தல்தான் உண்டே தவிர, அதட்டல் கிடையாது. மூன்றாவது கியரில் போகும்போது எதிரே பஸ் வரும். மாஸ்டர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக் காலடியைப் பார்த்தபடி, “சார், இன்னிக்கு வூட்ல நாஷ்டா இன்னா?” என்பார். நான் உப்புமா என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி தானாக வேகம் குறைந்து, தானாக ஓரம் ஒதுங்கி, பஸ் போன பிறகு தானாக நடு ரோட்டுக்கு வந்திருக்கும். நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது வாரத்தில் அப்படி வீட்டில் சொல்லவும் செய்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி உப்புமா வைத்தாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் எடுத்தால்தான் மற்றது விளங்கும். பயப்பட வேண்டாம், பரீட்சை கிடையாது.

ஒரு நரம்புச் செல்லை நான் என் மாணவர்களுக்கு, பெண் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஒரு குடும்பத்தை வைத்து விளக்குவேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தி நல்ல இடம் என்கிறாள். மாமா வேண்டாம் என்கிறார். அத்தை, பெண் களையாக இருக்கிறாள் ஆனால் வீடு சின்னது என்று இரண்டு பக்கமும் பேசுகிறாள். ஒருவர் சொல்வதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. நரம்புச் செல்லின் கிளைகளிலும் இப்படித்தான் ஆயிரக்கணக்கான குறிப்புகள் வந்து தொடுகின்றன. சில ‘ஆகட்டும்’ என்கின்றன, சில ‘கூடாது’ என்கின்றன. செல் அவற்றைக் கூட்டுகிறது, கழிக்கிறது. நடுக்கூடத்தில் அம்மா முணுமுணுப்பதற்கு உள்ள எடை வாசலில் நின்று கத்தும் ஒன்றுவிட்ட பெரியப்பாவுக்குக் கிடையாது. எல்லாரும் சேர்ந்தாற்போல் சொல்லவும் வேண்டும். போன வாரம் சொன்னது இந்த வாரம் ஆறிப்போயிருக்கும். கூட்டிக் கழித்து ஓர் அளவைத் தாண்டிவிட்டால், சரி, பேசி முடித்துவிடலாம் என்று செல் ஒரு துடிப்புத் துடித்து அடுத்த செல்லுக்குச் சொல்லி அனுப்பும். தாண்டவில்லையென்றால் காபியைக் குடித்துவிட்டுக் கலைவார்கள்.

கற்றுக்கொள்வது நடப்பது அடுத்த சம்பந்தம் பேச உட்காரும்போது. போன முறை யார் சொல்லிக் காரியம் கைகூடியதோ அவர் பேச்சுக்கு இந்த முறை கூடுதல் மரியாதை. யார் பேச்சைக் கேட்டு மூக்குடைபட்டோமோ அவருக்குக் காபி கொஞ்சம் ஆறித்தான் வரும். நினைவு நினைவு என்கிறோமே, அதைப் போட்டுப் பூட்டி வைக்க மூளையில் தனிப் பெட்டி எதுவும் கிடையாது. யார் சொன்னால் எவ்வளவு கேட்பது என்கிற அந்த மரியாதைகள் கூடியும் குறைந்தும் கிடப்பதுதான் நினைவு.

பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில் சில பெரிய செல்கள் உண்டு. ஒவ்வொன்றையும் லட்சக்கணக்கான சின்னக் குரல்கள் வந்து தொடும். கால் எங்கே இருக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எஞ்சின் எப்படி உறுமுகிறது, இப்படி. அதோடு ஒரே ஓர் இழை, கீழிருந்து கொடிபோல ஏறிச் செல்லைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். காரியம் தப்பும்போது அது ஒரு அதட்டுப் போடும். அந்த நேரம் பார்த்து யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அவர்கள் மரியாதை குறைந்துபோகும். சைக்கிள், நீச்சல், தோசையைத் திருப்புவது, கிளச், எல்லாமே இப்படி அதட்டு வாங்கி வாங்கித்தான் உடம்பில் ஏறுகின்றன.

என் தலைக்குள் அந்த அதட்டு விழவே இல்லை. மாஸ்டர் அவ்வளவு நல்லவர். தப்பு நடப்பதற்கு முந்தைய கணமே அவர் கால் மிதித்துவிடும். என் சிறுமூளைக்குப் போன அறிக்கைகள் எல்லாம் ‘அனைவரும் நலம்’ ரகம். அது ஒன்றே ஒன்றைத்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது: ஆபத்து வந்தால் சும்மா இரு, பிரேக் வரும்.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள் காலை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போன மாஸ்டர் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை. இருபதடி பின்னால் அது மண்ணில் தனியாகக் கிடந்தது.

“மாஸ்டர், செருப்பு.”

குனிந்து காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. “இன்னா சார் இவன், டிக்கெட் எடுக்காத பார்ட்டி மாதிரி சொல்லாம கொள்ளாம எறங்கிட்டான்” என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போய், மாட்டிக்கொள்ளக் காலைத் தூக்கினார். பாதத்தின் முன்பக்கம் சீமைக்கருவேல முள் ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அன்றைக்கு ஏறிய முள் இல்லை.

நான் சொன்னேன். “எங்க?” என்று கேட்டுத் தேடிப்பார்த்துவிட்டு, தீப்பெட்டியிலிருந்து குச்சி எடுப்பதுபோல உருவிப் போட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “லாரி ஓட்ன காலு சார். தோலு தடிச்சுப் போச்சு.”

“சுகர் இருக்கா மாஸ்டர்?”

“கீது சார். யாருக்குத்தான் இல்ல? காலைல ஒரு மாத்திர போட்டுகினு கீறேன்.”

சர்க்கரை முற்றினால் உடம்பிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் பட்டுப்போகும், அதுவும் நுனியிலிருந்து. வருடா வருடம் கரும்பலகையில் நானே எழுதிப் போடும் வரி. அந்தக் கால் தான் எங்கே இருக்கிறது, எதை மிதிக்கிறது என்று மேலே தகவல் சொல்வதை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்றோ. கூடத்தில் ஒரு ஆள் பேச்சு நின்றுபோனால் குடும்பம் மற்றவர்களைக் கேட்டுச் சமாளிப்பதுபோல, அவர் மூளை கண்ணைக் கேட்டது, எஞ்சின் சத்தத்தைக் கேட்டது, இடுப்புக்குக் கீழே இருக்கை அதிர்வதைக் கேட்டது. எந்த டாக்டரும் சொல்லாமல், பாவி மனுசன் அத்தனையும் தானாகக் கற்றுக்கொண்டுவிட்டார். குனிந்த தலைக்கும் நீல வெளிச்சத்துக்கும் காரணம் அதுதான். கால் பிரேக்கின் மேல் இருக்கிறதா என்று காலுக்குத் தெரியாது. அவர் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

இவ்வளவும் விளங்கிய அந்தக் காலையில் நான் என்ன செய்தேன்? “டெட்டால் போடுங்க மாஸ்டர்” என்றேன். காரில் ஏறிக்கொண்டேன்.

அதற்கு என்னிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. நான் டாக்டர் இல்லை. அந்த மனிதருக்கு ஒரே தொழில், வீட்டில் படிக்கும் பெண் இருக்கிறாள். ஒரு மனிதனிடம் போய் உன் கால் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? இதெல்லாம் வெளியே சொல்லத் தக்கவை. சொல்லத் தகாத ஒன்றும் இருந்தது. எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் மாசிக் கடைசியில். டெஸ்டில் ஓட்டப்போவது மாஸ்டரின் காரில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அந்த இரண்டு பெடலும் இல்லாமல் நான் தேறப் போவதில்லை.

மூன்று வாரம் இப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் அவர் கால் சரியான நேரத்தில் சரியான பெடலை மிதித்தது. ஒவ்வொரு நாளும் நான் ரோட்டைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரே காலை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு, ரோட்டை யாரும் பார்க்காமல் ஒரு கார் உத்திரமேரூரைச் சுற்றி வந்தது என்றால் இப்போது நினைத்தாலும் உட்கார முடியவில்லை.

சம்பா அறுவடை முடிகிற சமயத்தில் எங்கள் பக்கம் ரோட்டில் பாதி களமாகிவிடும். நெல்லைக் கொட்டிப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரம் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். ஒரு வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏரிக்கரையிலிருந்து இறங்கும் சரிவில் வந்துகொண்டிருந்தோம். கீழே நெல் பரப்பியிருந்தது. ஓர் அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தார். அப்படியே கல்லைத் தாண்டி, வண்டி போகும் பாதிக்கே வந்துவிட்டார்.

அப்போது கரைமேல் மொபெட்டில் போன ஒருவன் “மாஸ்டர்!” என்று கத்தினான். பழைய மாணவன். மாஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினார்.

நான் வழக்கப்படி பிரேக்குக்காகக் காத்திருந்தேன். ஹோட்டலில் காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவன் மாதிரி. அவர் கால் மிதிக்கவும் மிதித்தது. வண்டி நிற்கவில்லை. விட்டு விடுதலையானதுபோலச் சரிவில் வேகம் பிடித்தது. எஞ்சின் வீறிட்டது. அவர் மிதித்தது கிளச்சை, எஞ்சினின் பிடியும் விட்டுப்போனது. அந்த அம்மாவின் முதுகில் இருந்த துண்டின் கட்டம் வரை எனக்குத் தெரிந்தது. வீறிடும் சத்தம், அந்த முதுகு, பிரேக் பிடித்தால் முன்னால் சாயும் உடம்பு சாயாமல் இருந்தது, எல்லாம் ஒன்றாக வந்து எங்கோ குவிந்து அளவைத் தாண்டியது. நான் எதுவும் முடிவு செய்யவில்லை. என் வலது கால் போய் மிதித்தது. கார் கற்களை உருட்டிக்கொண்டு நெல்லுக்குள் போய், அந்த அம்மாவுக்குக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

அந்த அம்மா திரும்பினார்.

“யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா, வண்டிய எடுத்துகினு நேரா நெல்லு மேல வர்றே?”

ரோடு யார் வீட்டுது என்பதை விவாதிக்கும் நிலையில் நான் இல்லை. இறங்கினேன். மாஸ்டர் இறங்கவில்லை. காலடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பகல் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்திருக்கும்.

“இன்னும் இன்னாத்துக்கு உள்ள குந்திகினு கீறே? எறங்கி வந்து வாருய்யா!” என்று அந்த அம்மா நெல் கூட்டும் விளக்குமாறை எடுத்து நீட்டினார். மாஸ்டர் இறங்கினார். அவர் பெருக்க, நான் கையால் அள்ள, டயரில் சிதறிய நெல்லை மறுபடி பரப்பினோம். கொஞ்ச நேரம் கழித்து நிமிராமலே கேட்டார்.

“சார், பிரேக்கு போட்டது நானா நீங்களா?”

அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரைத் தவிர சாட்சி கிடையாது. பெடல்கள் பிணைந்தவை, யார் மிதித்தாலும் இரண்டு பக்கமும் இறங்கும். நான் என்று ஒரே சொல் சொன்னால் போதும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த நர்ஸுக்கு வகுப்பு என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

“நீங்கதான் மாஸ்டர்” என்றேன். “எனக்கெங்க பிரேக் போடத் தெரியும்?”

அவர் ஒரு நிமிடம் விளக்குமாறை நிறுத்தினார். “அதானே” என்றார். பிறகு பெருக்கினார்.

அன்றிலிருந்து நாலு நாள் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனேன். அந்தக் காரின் ஹாரன் எனக்குத் தெரியும். அது பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிப் போகும்போதெல்லாம் நான் பேசுவது நின்றுவிடும். எங்காவது டயர் கிறீச்சிட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் என்னோடு எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். நடந்தால் பஸ் ஏறி ஜெராக்ஸ் கடை வரை போய், மேஜையில் மாஸ்டர் இருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “தங்கச்சி பொண்ணு நாளைல இருந்து மாஸ்டர்கிட்ட கிளாஸ் போறா. ஆறரை மணி கிளாஸ்.”

“வேண்டாம்” என்றேன்.

ஊரார் பிள்ளைகளுக்கு நாலு நாள் தாங்கிய என் பொறுமை, கொழுந்தியாள் பெண்ணுக்கு நாலு நொடி தாங்கவில்லை. இந்த ஒரு கணக்கை வைத்தே என்னை எடை போட்டுவிடலாம்.

முழுதும் சொன்னேன். முள், கிளச், அந்த அம்மா, நான் சொன்ன பொய். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“உங்க வார்த்தைய நம்பிக்கினு அந்த மனுசன் நாலு நாளா வண்டில குந்திகினு கீறாரா?”

புடவையைக்கூட மாற்றாமல் கார் சாவியை எடுத்தாள். நான் பின்னால் போனேன்.

மாஸ்டர் யாருக்கோ எல்.எல்.ஆர். விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க சார், ஜுரம் வுட்டுச்சா?” என்றார்.

“மாஸ்டர், அன்னிக்கு பிரேக் போட்டது நான்தான்.”

பேனாவை மூடி வைத்தார். “தெரியும் சார்” என்றார்.



“நின்னவுடனே குனிஞ்சு பாத்தேன். காலு கிளச்சு மேல கீது. கண்ணு ஒண்ணு சொல்லுது. நீங்க ஒண்ணு சொல்றீங்க. நீங்க படிச்சவரு, இந்த நரம்பு சமாச்சாரமே பாடமா எடுக்கிறவரு. சரி, கண்ணுதான் தப்பா பாத்துகிச்சு போலன்னு வுட்டுட்டேன்.” பேனா மூடியைத் திருகினார். “அப்பிடி வுடணும்னு ஆச சார். அதான்.”

அவர் விண்ணப்பத்தை ஓரமாக நகர்த்தினார். “நாலு நாளு எல்லா கிளாசும் எடுத்தேன். நேத்து அந்த நர்சம்மாவ மார்க்கெட்டு வரைக்கும் இட்டுகினு போனேன். ஒண்ணும் ஆவல.”

“ஒண்ணும் ஆவல” என்றேன் நானும்.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் அந்தக் கூடம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கண் அம்மாபோல நடுவில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. வாசலில் நின்று நான் சொன்ன பொய்க்கு அதைவிட எடை கிடைத்திருக்கிறது, வாத்தியார் என்கிற ஒரே காரணத்தால்.

“கால காட்டுங்க மாஸ்டர்” என்றாள் மனைவி. அவர் கூச்சப்பட்டார். “டீச்சர் சொல்றேன், காட்டுங்க.” முள் ஏறியிருந்த இடம் ஆறவில்லை. வீங்கி, ஓரம் கறுத்து, விரல் வரை பரவியிருந்தது. அவருக்கு வலிக்கவில்லை. அவள் அந்த இடத்திலேயே அவரையும் அவர் வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. முள் குத்தியவுடன் வந்திருந்தால் விரல் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவர் மாஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டவன் நான்.

இதெல்லாம் ஆகி ஒரு வருடம் தாண்டிவிட்டது. கார் மதுராந்தகத்தில் ஒருவரிடம் போய்விட்டது. மாஸ்டர் அதே மேஜையில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் நிரப்பித் தருகிறார், டெஸ்டுக்குப் போகிறவர்களுக்குச் சாலைக் குறிகளைக் கேள்வி கேட்டுத் தயார் செய்கிறார். எனக்கு எங்கள் காரிலேயே மனைவி ஓட்டச் சொல்லித் தந்தாள். அதட்டு என்றால் என்ன என்று என் சிறுமூளை அப்போதுதான் தெரிந்துகொண்டது. முதல் டெஸ்டில் எட்டு போடச் சொன்னார்கள், நான் போட்டது எந்த எண்ணிலும் சேரவில்லை. இரண்டாவதில் தேறினேன்.

மாஸ்டரின் காலில் இன்னொரு புண் வந்து ஆறாமல் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். மனைவி பின்னால் உட்காருவாள். முன்னால் இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டு நம்ப அவளுக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் காரில் இடது பக்கம் பெடல் கிடையாது. ரப்பர் மிதியடி மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும், எதிரே ஆடு வந்தாலும், மாஸ்டரின் வலது கால் அந்த மிதியடியில் தொப்பென்று விழும். எத்தனையோ வருடப் பழக்கம், கால் செத்தாலும் மண்டைக்குள் சாகவில்லை. தொப்பென்பது எப்போதும் நான் பிரேக் போட்ட பிறகுதான் கேட்கும். ஒரு கணம், ஒன்றரைக் கணம் பிந்தி. அவர் அதைக் கவனிக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

சில வாரமாக எனக்கே தெரியாமல் ஒன்று நடந்துவந்திருக்கிறது. போன சனிக்கிழமை மனைவிதான் கண்டுபிடித்தாள். ஒரு வளைவில் லாரி நின்றிருந்தது. கொஞ்சம் கிட்டே போய்த்தான் நிறுத்தினேன்.

“இன்னாங்க பிரேக்கு இது, ஆடி அசைஞ்சு வருது? போன வளைவுலயும் இப்டித்தான் கிட்ட போய் நிறுத்தினீங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கால் விழுவதும் என் பிரேக்கும் ஒரே நேரத்தில் வந்திருந்தன. நான் அவருக்காகக் காத்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை, அப்படி ஒரு எண்ணம்கூட எனக்கு வந்ததில்லை. ஏரிக்கரைச் சரிவில் நாக்கில் இருந்த பொய், நான் பாராத நேரத்தில் இறங்கிக் காலுக்கு வந்துவிட்டது. செல்கள் அதைப் பாடம் பண்ணியும் வைத்துவிட்டன.

மாஸ்டர் திரும்பவில்லை. இடது பக்கத்திலேயே உட்கார்ந்து வயதானவருக்கு, ஒருத்தன் பிரேக் ஏன் பிந்துகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. லாரி நகரும்வரை அதன் பின்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெம்புகோலை இழுத்து இருக்கையைப் பின்னால் தள்ளினார். கட்டுப்போட்ட வலது காலை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கி, குழந்தையைக் கிடத்துவதுபோல இருக்கைமேல் வைத்தார். இடது காலையும் மேலே எடுத்து மடக்கி, சாப்பாட்டுப் பந்தியில் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“கீழ தொங்க வுட்டா காலு வீங்குது சார்” என்றார். “நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க.”

அடுத்த வளைவு திருப்புலிவனத்துக்கு முன்னால். சரியான நேரத்தில் மிதித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னாலிருந்து குரல் எதுவும் வரவில்லை.